ஊடுருவிப் பார்த்த உத்தமர்

(இரண்டாமாண்டு, மின்னியல் மின்னணுவியல் துறை)



மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்று பேர் கொடுத்தபோது, எடிசனா, கலாமா என்று கேட்டார்கள். இரண்டு பேரும் இல்லை. நான் எழுத வந்தது, ஸ்கூலை விட்டுத் துரத்தப்பட்டு, சர்டிபிகேட் இல்லாமல் அலைந்து, கடைசியில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து மேலே வந்த ஒருவரைப் பற்றி. அவர்தான் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. என் அக்காவுக்குப் பெரிய இரத்தக் குழாய்களில் அழற்சி நோய். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக வைத்திருப்பது ஸ்கேன் படங்கள் உள்ள கவரைத்தான். அந்தப் படங்களுக்கெல்லாம் மூலவர் யார் என்று தேடிப் போனபோது கிடைத்தவர் ராண்ட்ஜன். முதலில் அவர் கதை, பிறகு எங்கள் கதை.

வெளியேற்றப்பட்ட மாணவன்

ராண்ட்ஜன் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. ஒரே பிள்ளை. மூன்று வயதிலேயே குடும்பம் ஹாலந்து நாட்டில் உள்ள அப்பல்டோர்ன் நகரத்துக்குக் குடிபோய்விட்டது. சின்ன வயசில் படிப்பில் பெரிய புலி என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. ஆனால் கையால் எதையாவது செய்து பார்ப்பதில் ஆசை அதிகம்.

1862 கடைசியில் உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் வந்தது வினை. வகுப்பில் ஒரு பையன் வாத்தியாரைக் கேலிப்படமாக வரைந்துவிட்டான். மாட்டியது ராண்ட்ஜன். வரைந்தவன் யார் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. கூடப் படிப்பவனைக் காட்டிக் கொடுக்காத குற்றத்துக்காகப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. 1865-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சும்மா உட்கார்ந்து பாடம் கேட்கும் மாணவராகத்தான் இடம் கிடைத்தது. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. நமக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பேரே இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுப்பது மாதிரி!

அப்போதுதான் சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகர பாலிடெக்னிக்கில் பள்ளிச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்காமல் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற சேதி வந்தது. 1865 நவம்பரில் அங்கே இயந்திரவியல் சேர்ந்தார். 1868-இல் டிப்ளமோ வாங்கினார். (பேர்தான் பாலிடெக்னிக், உண்மையில் அது பெரிய பொறியியல் கல்லூரி. இருந்தாலும் பேர் பேர்தானே நண்பர்களே, நாமும் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!)

அங்கே ஆகஸ்ட் குண்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் இவருடைய கைத்திறமையைப் பார்த்து இயற்பியல் பக்கம் இழுத்துவிட்டார். 1869-இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் வாயுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம். 1870-இல் குண்ட் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது உதவியாளராகக் கூடவே போனார். டாக்டர் பட்டமே வாங்கிய மனிதரை, பள்ளிச் சான்றிதழ் இல்லை என்ற பழைய கணக்கைச் சொல்லி விரிவுரையாளராக்க அந்தப் பல்கலைக்கழகம் மறுத்தது. மனம் தளராமல் குருவோடு ஸ்ட்ராஸ்பர்க் போனார். 1874-இல் அங்கே அந்தத் தகுதி கிடைத்தது. ஹோஹன்ஹெய்ம், மறுபடி ஸ்ட்ராஸ்பர்க், கீசன் என்று படிப்படியாக ஏறினார். 1888-இல் எந்த வூர்ஸ்பர்க் வேண்டாம் என்றதோ, அதே வூர்ஸ்பர்க் பேராசிரியராக வரச் சொல்லி அழைத்தது. 1894-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவராகவும் ஆனார்.

இடையில் 1872-இல் பெர்த்தா லுட்விக் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஜூரிச்சில் உணவு விடுதி நடத்தியவரின் மகள். இவரை விட ஆறு வயது மூத்தவர். குழந்தை இல்லாததால் பெர்த்தாவின் சகோதரர் மகளை எடுத்து வளர்த்தார்கள்.

அந்த ஏழு வாரம்

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை சாயந்திரம். ராண்ட்ஜனுக்கு வயது 50. காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் முழுக்க மூடியிருந்தார். அறை இருட்டு. சற்றுத் தள்ளிக் கிடந்த, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை பச்சையாக மின்னியது. மூடிய குழாயிலிருந்து வெளிச்சம் வரவே முடியாது. அப்படியானால் மின்ன வைத்தது எது?

இதே மாதிரிக் குழாயை வைத்து அப்போது பல பேர் சோதனை செய்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் வைத்த போட்டோ தகடு காரணமில்லாமல் கெட்டுப்போவதைப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் தகடு சரியில்லை என்று தூக்கி வைத்துவிட்டார்கள். ராண்ட்ஜன் அப்படி விடவில்லை. அதே சமயம் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெருவில் ஓடவும் இல்லை. தன் கண்ணையே முதலில் சந்தேகப்பட்டார். ஏழு வாரம் ஆராய்ச்சிக் கூடத்திலேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

குழாய்க்கும் திரைக்கும் நடுவே காகிதம் வைத்துப் பார்த்தார். ஆயிரம் பக்கப் புத்தகம் வைத்தார். மரக்கட்டை, அலுமினியம், ஈயம் என்று மாற்றி மாற்றி வைத்தார். புத்தகத்தைத் தாண்டி வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத்தை மட்டும் தாண்ட முடியவில்லை. காந்தம் வைத்தால் வளையுமா என்று பார்த்தார், வளையவில்லை. பட்டகத்தில் விட்டால் திரும்புமா, திரும்பவில்லை. என்னவென்று தெரியாததால் கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவது போல எக்ஸ் கதிர் என்று பேர் வைத்தார்.

டிசம்பர் 22 அன்று மனைவியைக் கூப்பிட்டு, அவர் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் கதிரைப் பாய்ச்சினார். படத்தில் விரல் எலும்புகள் தெரிந்தன, மோதிரம் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போதே தன் எலும்பைப் பார்த்த அந்த அம்மா பயந்து போனாராம். டிசம்பர் 28 அன்று கட்டுரையைக் கொடுத்தார். 1896 ஜனவரி முதல் வாரத்தில் வியன்னா பத்திரிகையில் சேதி வந்து, அப்புறம் உலகமே அல்லோலகல்லோலப்பட்டது.

1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு இவருக்குத்தான். பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே விட்டுவிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. இது எல்லாருக்கும் பொது என்று இருந்துவிட்டார். பிரபு வம்சப் பட்டம் தருகிறோம் என்றார்கள், அதையும் மறுத்தார். 1900 முதல் மியூனிக்கில் வேலை. நெடுநாள் நோயில் கிடந்த மனைவியைத் தானே ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டார். 1919-இல் அவரும் போய்விட்டார். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த பணவீக்கத்தில் சொத்தும் கரைந்தது. 1923 பிப்ரவரி 10 அன்று குடல் புற்றுநோயால், 77-ஆவது வயதில் காலமானார்.

எக்ஸ்ரேக்குத் தெரியாத ஒன்று

இப்போது பெர்த்தா அம்மாவின் கைப்படத்துக்குத் திரும்புவோம். எலும்பு தெரிந்தது, மோதிரம் தெரிந்தது. இரத்தக் குழாய்? தெரியவில்லை. சதைக்கும் இரத்தத்துக்கும் எக்ஸ்ரே பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தாண்டிப் போய்விடும்.

இதற்கு வழி உடனே பிறந்தது. 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டன்தால் என்ற இரண்டு பேர், வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் குழாய்களுக்குள் சுண்ணாம்பும் பாதரசத் தாதுவும் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். குழாய்கள் மரக்கிளை மாதிரி தெரிந்தன. உயிருள்ளவர்களுக்கு அந்தக் குழம்பு ஆகாது. 1927-இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளை இரத்தக் குழாய்களைப் படம் எடுத்துக் காட்டினார். 1929-இல் அதே நாட்டு ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ் பெருந்தமனியைப் படம் எடுத்தார். இதுதான் ஆஞ்சியோ என்று நாம் சொல்வது.

ராண்ட்ஜன் உயிரோடு இருந்தபோதே, 1908-இல், ஜப்பானில் மிகிதோ தகயாசு என்ற கண் மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் விநோதமாக மாலை போலப் பின்னிக் கிடப்பதைப் பார்த்துச் சொன்னார். அதே கூட்டத்தில் வேறு மருத்துவர்கள், இதே மாதிரி கண் கோளாறு உள்ள நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குவதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. இப்போது இதற்குத் தகயாசு தமனி அழற்சி என்று பேர். நாடியற்ற நோய் என்றும் சொல்வார்கள். ஆசிய நாடுகளில் அதிகம். பெரும்பாலும் 40 வயசுக்குள் உள்ள பெண்களைப் பிடிக்கிறது.

எங்கள் அக்கா கதை

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எனக்காகப் படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போனவள் அக்கா. இடது கை வலிக்கிறது, தலை சுற்றுகிறது, சாயந்திரம் ஆனால் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் காட்டினோம். இரத்தம் கம்மி, சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் டானிக்கிலேயே போனது.

ஒரு மருத்துவ முகாமில் நர்ஸ் ஒருவர் அக்காவின் இடது கையில் பிரஷர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று விட்டிருக்கலாம். அவர் வேறு மெஷின் எடுத்து வந்தார். அதிலும் இல்லை. வலது கையில் பார்த்தார், நன்றாக இருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். ராண்ட்ஜன் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நர்ஸ் முகம்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள். சி.டி.யும் எக்ஸ்ரேதான். சுற்றிச் சுற்றி எடுத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டும். இடது கைக்குப் போகும் தமனி, காரை எலும்புக்குப் பின்னால் எலி வால் மாதிரி மெலிந்து நின்றுபோயிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையும், கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையும் ஆரம்பித்தார்கள்.

எட்டு மாதத்தில் அக்கா முகம் உருண்டையாக உப்பிவிட்டது. தெருவில் ஆளாளுக்குப் பேச்சு. கல்யாணம் பேசும் வயசு வேறு. இரத்தத்தில் அழற்சி பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. அப்பா மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று எழுதியிருக்கிறதே!

தழும்பா, நெருப்பா?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

இந்த நோயில் இரண்டு கேள்வி. குழாய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது ஒன்று. இப்போது, இந்த நிமிஷம், அங்கே அழற்சி எரிகிறதா என்பது இன்னொன்று. ஆஞ்சியோ முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். அது குழாயின் உள் வழியைக் காட்டுகிறது. ஆனால் அந்தச் சுருக்கம் எப்போதோ எரிந்து அணைந்த தழும்பா, இன்னும் எரியும் நெருப்பா என்பதை உள் வழியை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். இரத்தப் பரிசோதனையும் முழுசாக நம்பும்படி இல்லை. சில பேருக்கு உள்ளே எரியும்போதே நார்மலாக வரும். சரி, குழாயைக் கிள்ளி எடுத்துப் பார்க்கலாமா என்றால், பெருந்தமனியை யார் கிள்ளுவது?

அதனால் குழாயின் சுவரைப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று வழி.

முதலாவது அல்ட்ராசவுண்ட். கழுத்துத் தமனி, அக்குள் தமனி போன்றவற்றின் சுவர் சுற்றிலும் தடித்திருப்பதை நன்றாகக் காட்டும். கதிர்வீச்சு இல்லை, செலவும் கம்மி. ஆனால் நெஞ்சுக்குள் எலும்பும் காற்றும் மறைப்பதால் பெருந்தமனி முழுவதையும் பார்க்க முடியாது.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தால் எடுப்பது. சுவரின் தடிப்பு, நீர் கோத்தல், மருந்து ஏற்றினால் சுவர் அதை உறிஞ்சுகிறதா என்பதெல்லாம் தெரியும். இதிலும் எக்ஸ்ரே இல்லை. இளம்பெண்களுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டிய நோய் என்பதால் இது முக்கியம். ஆனால் நோய் அடங்கிய பிறகும் தடிப்பு மட்டும் தங்கிவிடலாம்.

மூன்றாவது பெட் ஸ்கேன். அழற்சி உள்ள இடத்தில் சண்டை போடும் செல்கள் சர்க்கரையை அதிகமாகத் தின்னும். அதனால் குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் கதிரியக்கமுள்ள ஃப்ளூரின்-18 அணுவை ஒட்டி ஊசி போடுகிறார்கள். சுமார் 110 நிமிஷத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அதிலிருந்து வரும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு மோதி அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். நோயாளியைச் சுற்றி வளையமாக உணர்விகள். எதிரெதிர் உணர்வி இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டுமே கணக்கில் சேரும். நம்ம டிஜிட்டல் லேபில் போடுகிற ஆண்ட் கேட் இருக்கிறதே, அதே சூத்திரம்தான்! அந்தக் கோட்டில் எங்கோ சர்க்கரை தின்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்து படமாகிறது. குழாய்ச் சுவரின் ஒளிர்வைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிட்டு மதிப்புப் போடுவார்கள். கல்லீரலை விடச் சுவர் பிரகாசமாக இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஸ்டீராய்டு சாப்பிட ஆரம்பித்துச் சில நாட்களிலேயே ஒளிர்வு மங்கத் தொடங்கும். வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்த குழாயும் ஒளிரும். ஆபரேஷன் செய்து வைத்த செயற்கைக் குழாயைச் சுற்றியும் ஒளிரும். எந்தத் தொந்தரவும் இல்லாமல் நலமாக இருக்கும் நோயாளிகளிலும் சில பேருக்கு ஒளிர்வு இருக்கிறது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆளைப் பார்க்க வேண்டும், நாடியைப் பார்க்க வேண்டும், இரத்தத்தைப் பார்க்க வேண்டும், பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்குப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் பட்டினி. ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். சாயந்திரம் டாக்டர் படத்தைக் காட்டினார். பெருந்தமனி வளைவிலும் கழுத்துத் தமனியிலும், முன்பு சி.டி.யில் ஒழுங்காகத் தெரிந்த இடத்தில், சுவரை ஒட்டிக் கல்லீரலை விடப் பிரகாசமாக ஒரு கோடு. மாத்திரை சாப்பிடும்போதே இப்படி. அக்கா படும் அசதியும், அந்த மாதம் புதிதாக ஆரம்பித்த கழுத்து வலியும் அந்தக் கோட்டோடு பொருந்தின. நார்மல் என்ற ரிப்போர்ட்டை நம்பி நாங்கள் நிறுத்தியிருந்தால், மூளைக்குப் போகும் குழாய் அடுத்து அடைத்திருக்கலாம். அப்பா அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருந்தை மாற்றினார்கள். கையில் அடைத்த குழாய்க்குப் பலூன் வைப்பது பற்றிக் கேட்டோம். அழற்சி எரியும்போது செய்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும், அடங்கட்டும் என்றார் டாக்டர். ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்தான் பார்க்கிறார்கள். கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. புது அடைப்பு ஏதும் இல்லை. ஸ்டீராய்டு அளவையும் மெதுவாகக் குறைத்து வருகிறார்கள். இடது மணிக்கட்டில் நாடி இன்னும் வரவில்லை. தினமும் ராத்திரி நான் பிடித்துப் பார்க்கிறேன். அக்கா சிரிக்கிறாள்.

நிறைவாக

நண்பர்களே, ராண்ட்ஜன் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது நோபல் பரிசு இல்லை. அந்த ஏழு வாரம்தான். கண்ணில் பட்டதை அலட்சியமாகத் தள்ளவும் இல்லை, அவசரப்பட்டு நம்பவும் இல்லை. படம் என்ன காட்டுகிறது, என்ன காட்டவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பழக்கிவிட்ட அந்தக் கேள்விதான் 130 வருஷம் கழித்து எங்கள் அக்காவைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்க் ஷீட்டும் ஆஞ்சியோ படம் மாதிரிதான். எங்கே அடைத்தது என்று பழைய கதையைக் காட்டும். உள்ளே இப்போது என்ன எரிகிறது என்று காட்டாது. உட்ரெக்ட் பள்ளி ஒரு பையனைச் சான்றிதழ் இல்லாமல் வெளியே அனுப்பியது. ஜூரிச் பாலிடெக்னிக் அவனை உள்ளே விட்டது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். (எனக்கும் மேத்ஸ்-2 இருக்கிறது.)

டிப்ளமோ முடித்ததும் மருத்துவக் கருவிகள் பழுது பார்க்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அந்த வளையத்துக்குள் ஏதாவது ஒரு உணர்வி சரியாக வேலை செய்யாமல் போனால், யாரோ ஒரு வீட்டு அக்காவின் படத்தில் கோடு தெரியாமல் போய்விடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளாக நான் இருந்தால் போதும்.